கரக்டர் சரியில்லை

வேலைக்குச் சேர்ந்த நாளில் சலவை ஆலையில் எங்கள் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வேலை நேரத்தில் போன் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்க வேண்டும் என்பது அதில் நாலாவதோ ஐந்தாவதோ விதி. எல்லோரும் கையெழுத்து வைத்தோம். பிறகு எல்லோரும் போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்ப் பார்த்தோம். டெனிஷ்காரிகளும் அப்படித்தான், போலந்துக்காரிகளும் அப்படித்தான், பாதி ஆயுளை இந்த நாட்டில் கழித்துவிட்ட நானும் அப்படித்தான். என் மேல்வீட்டு மனுசி ஒருவர்தான் காலை ஆறரைக்குப் பூட்டினால் இரண்டேகாலுக்குத் திறப்பார். மேற்பார்வையாளருக்கு அவ்வளவு பயமா என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தேன்.

"வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா," என்றார். சொல்லிவிட்டு அடுத்த படுக்கை விரிப்பை உதறி இஸ்திரி உருளைக்குள் கொடுத்தார்.

இந்தச் 'சொல்லிப்போட்டன்' அவருடைய வாயில் எந்நேரமும் இருக்கும். எங்களோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரியின் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அன்றைக்கு முழங்கால் அளவு பனி. நானே காரை எடுக்கவில்லை. இவர் இரண்டு பஸ் மாறிப் போய், கேக் சாப்பிட்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால் சில நேரம் எரிச்சல் வரும். பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போவதற்காக எனக்குக் காய்ச்சல் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடச் சொன்னேன். சொல்லமாட்டாராம். "நீங்கள் போன் பண்ணிச் சொன்னால் அது உங்கட சொல். நான் சொன்னால் மறுகா அது என்ட சொல்லெல்லோ," என்றார். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனேன், வேறு வழியில்லை.

அவர் மட்டக்களப்புப் பக்கம், நான் யாழ்ப்பாணம். 'பிறகு' என்று சொல்லவேண்டிய இடத்தில் அவர் 'மறுகா' என்பார், நான் சிரிப்பேன். சில்க்போர்க்கில் ஒரே மாடிக் குடியிருப்பில் நான் கீழ்வீடு, அவர் மேல்வீடு. ஹேர்னிங்கில் இருந்த ஆலைக்கு என் காரில்தான் இருவரும் போய் வருவோம், நாற்பது நிமிட ஓட்டம். அவருடைய கணவருக்கு இன்னொரு தொழிற்சாலையில் பின்னேர வேலை. ஒரே மகள். ஏழு வயதில் இங்கே வந்தவள். தாய் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். நல்ல கெட்டிக்காரி. நூலகத்துப் புத்தகங்களை மாடிப்படியில் ஏறிக்கொண்டே வாசிப்பாள். நான் நடுவில் சாமான் பையோடு வந்தால் முட்டிக்கொள்வோம்.

எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம் மாடிப்படியில் புத்தகத்தைக் காணவில்லை. போன் வந்திருந்தது. முட்டிக்கொள்வது மட்டும் தொடர்ந்து நடந்தது. மன்னிப்புக் கேட்கிறவள் முறைக்கத் தொடங்கினாள். மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் 'என்ன' என்கிறாளாம், கைப்பந்து விளையாட்டை விட்டுவிட்டாளாம், கழிவறைக்குள் போனால் முக்கால் மணித்தியாலமாம், சோற்றைப் பார்க்காமலே சாப்பிடுகிறாளாம். எல்லாம் காரில் நான் கேட்டது. என் மகன் வளர்ந்த காலத்தில் இந்தச் சனியன் இருக்கவில்லை என்று நான் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஏழாம் வகுப்பு வரை மார்க்ஸ் போடமாட்டார்கள். பிள்ளை நன்றாகச் செய்கிறது, இன்னும் கொஞ்சம் முயற்சிக்கலாம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில்தான் முதல்தரம் எண் வரும். அந்த எண்ணுக்கு டெனிஷில் 'கரக்டர்' என்று பெயர். எங்கள் வீடுகளில் நாங்கள் தமிழென்று பேசுவதில் பாதி டெனிஷ் என்பதால் எங்களுக்கும் அது கரக்டர்தான். "மகனுக்குக் கணக்கில என்ன கரக்டர்?" என்றுதான் கோயிலில்கூடக் கேட்போம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறொரு பொருள் இருக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. முதல்தரம் எண் வரப்போகிற வீட்டில் டெனிஷ்ப் பொருள் தெரிந்திருக்காது என்றும் தோன்றவில்லை.

ஆலை வாசலில், காரை எடுக்கப்போகிற நேரத்தில், அவர் போனை என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து நீளமாக ஒரு செய்தி வந்திருந்தது. அவருக்கு டெனிஷ் தெரியும். ஆனால் நீளமாக இருந்தால் ஏதும் பிழையாக விளங்கிவிடுமோ என்று என்னிடம் தருவார். நான் அவசரத்தில் மேலோட்டமாக ஓடவிட்டேன்.

"பெரிசா ஒண்டுமில்லை. மகளின்ர கரக்டர் சரியில்லையாம். போன் பாவிக்கிறது கூடிப்போச்சாம். நாளைக்கு வந்து கதைக்கட்டாம்," என்றேன்.

இவ்வளவையும் சீற் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னேன். வழியில் இகாஸ்ட் ஊரைத் தாண்டும் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். வானொலியைப் போட்டேன்.

வயதுக்கு வந்த ஒரு பெண்பிள்ளையைப் பற்றி 'கரக்டர் சரியில்லை' என்று சொன்னால் ஒரு தமிழ்த் தாய்க்கு என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூடவே போனும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குப் போய் மகளின் கையிலிருந்து போனைப் பறித்து, திறக்கச் சொல்லி, ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு செய்தியாகப் பார்த்திருக்கிறார். ஆர் அவன், ஆர் அவன் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு எந்த அவன் என்று விளங்கவில்லை. போனுக்குள் எவனும் இல்லை. சவர்க்காரத்தைக் கத்தியால் சீவுகிற வீடியோக்கள், பூனைகள், கண்ணுக்கு மை தீட்டுகிற பெட்டைகள், ஒரு முடிவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தனவாம். இரண்டு மணித்தியாலம் இது நடந்திருக்கிறது. நான் கீழ்வீட்டில் தேத்தண்ணியோடு என் நாடகத்தை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குத் துணையாக என்னையும் கூட்டிப்போனார். இங்கே இப்படியான சந்திப்புகளில் பிள்ளையும் இருக்க வேண்டும். மகள் கண் வீங்கிப் போய், தாயிடமிருந்து ஒரு கதிரை தள்ளி இருந்தாள். ஆசிரியை நல்ல மனுசி. பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள், மடியில் போனை வைத்துக்கொள்கிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள், சேர்ந்து செய்கிற வேலையில் மற்றப் பிள்ளைகள் இவளை எடுக்கத் தயங்குகிறார்கள் என்றெல்லாம் மெதுவாகச் சொன்னார். பிறகு, இவைதான் கரக்டர் என்று ஒரு தாளைத் திருப்பி வைத்தார். கணக்குக்கு நேரே 02. முன்னால் பூச்சியம் போட்டுத்தான் இங்கே எழுதுவார்கள், இரண்டு என்றால் மட்டுமட்டாகப் பாஸ்.

அவர் அந்த எண்ணில் விரலை வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இது மார்க்ஸ்தானே?"

"ஓம்."

"அப்ப கரக்டர் எண்டது?"

"டெனிஷில மார்க்ஸுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறது," என்றேன். சொல்லி முடிக்க முன்னமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவர் ஆசிரியையின் பக்கம் திரும்பித் தன்னுடைய உடைந்த டெனிஷில், என் மகளின் கரக்டர் நல்லது, கரக்டர்கள்தான் சரியில்லை என்றார். டெனிஷிலும் அந்தச் சொல்லுக்குக் குணம் என்ற பொருளும் உண்டு. தாய் பகிடி விடுகிறார் என்று நினைத்து ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை.

வெளியே சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் மகள் தன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். தாய் போய் முன்னால் நின்றார். டெனிஷில் மன்னிப்புக் கேட்பது லேசு. அது தும்மினாலும் சொல்கிற சொல். அவர் தமிழில் கேட்டார்.

"நான் உன்னைப் பிழையா நினைச்சிட்டன். அது என்ட பிழை. உன்ட போனை இனி நான் திறக்கமாட்டன். உன்னை நம்பாமல் ஒரு கேள்வியும் கேக்கமாட்டன்."

நான் என் மகனிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. பிழை விடாமல் வளர்த்தேன் என்று அதற்குப் பொருளில்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்க எனக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. மகள் பாட்டுக் கேட்கிற இரண்டு வெள்ளைக் குமிழ்களையும் காதுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் தாய்க்கு அவளிடமிருந்து கிடைத்ததெல்லாம் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு டெனிஷ் சொற்கள்தான்.

மன்னிப்புக் கேட்டாயிற்று என்று மனுசி 02-ஐ விட்டுவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சோதனையில் தேறி சிம்னாசியம் என்கிற மேல் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போகவேண்டும் என்றால் இரண்டை வைத்துக்கொண்டு போக முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மகளைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு முடிவு சொன்னார். பின்னேரம் மூன்றரையிலிருந்து ஏழரை வரைக்கும் வீட்டில் போன் இல்லை. மகள் உடனே டெனிஷில் வெடித்தாளாம். நீங்கள் வேலையால் வந்தவுடன் அரிசிப் போத்தலில் போனைச் சாத்தி வைத்துச் ஊரிலிருக்கிற சித்தியோடு கதைக்கத் தொடங்கினால் அவர் படுக்கும்வரை விடுவதில்லை, எனக்கு மட்டும் சட்டமா என்று கேட்டாளாம். அது முழு உண்மை. ஆலையில் அலுமாரியைத் தொடாத மனுசிக்கு வீட்டில் அந்தப் போன் மூன்றாவது கை மாதிரி.

"நானும் வைக்கிறன். சோதினை முடியிற வரைக்கும், சனி ஞாயிறும் சேத்து. சொல்லிப்போட்டன்," என்றாராம்.

வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் கை தேடிப் போகும் என்பதால் என் வீட்டைத் தெரிவு செய்தார். அப்படித்தான் என் குசினி இழுப்பறை இரண்டு போன்களின் சிறைச்சாலையாகியது. மூன்றரைக்குக் கதவு தட்டப்படும். தாயின் போனையும் தன்னுடையதையும் மகள்தான் கொண்டுவந்து போடுவாள், என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். அவள் வரும் நேரம் நான் என் போனைக் குஷனுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். ஐம்பது கடந்த பொம்பிளை, என் வீட்டுக்குள்ளேயே எனக்கு அந்தக் கதி.

அவருக்கு அது எவ்வளவு கடினம் என்று அந்த இழுப்பறைதான் எனக்குச் சொல்லியது. எங்கள் மூன்றரை மணி ஊரில் இரவுச் சாப்பாட்டு நேரம். எங்கள் ஏழரைக்கு அங்கே எல்லோரும் படுத்துவிடுவார்கள். தங்கைக்கும் அவருக்கும் நாளுக்கு ஒருதரம் கதைக்கக் கிடைத்த நேரமே அந்த நாலு மணித்தியாலம்தான். முதல் கிழமை ஏழு நாளும் இழுப்பறை வண்டு மாதிரி இரைந்துகொண்டே கிடந்தது. இரண்டாம் கிழமை தங்கை கோபித்துக்கொண்டு அழைப்பதைக் குறைத்துவிட்டார். வெளிநாட்டில் பெரிய ஆளாகிவிட்டாய் என்று எழுதினாராம். அவர் அதைக் காரில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்குள் நான் ஒன்றைக் கவனித்தேன். தாயின் போன் இப்படி இரைகிறது, மகளுடையது ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. அந்த வயதுப் பிள்ளையின் போன் நாலு மணித்தியாலம் சத்தமில்லாமல் கிடக்குமா? ஒருநாள் எடுத்து அழுத்திப் பார்த்தேன். உயிரில்லை. ஊதாநிற உறையைக் கழற்றினேன். மேல்மூலையில் வெடிப்பு. முந்தின வருடம் ஆலை வாசலில் என் கண்முன்னால் தாய் கீழே போட்டு உடைத்த பழைய போன் அது.

இரண்டு நாள் யோசித்தேன். கோள் சொல்வதாகவும் இருக்கக்கூடாது, அந்த மனுசி ஏமாறவும் கூடாது. கடைசியில் காரில், வீதியில் கண்ணை வைத்துக்கொண்டு, மகள் தருகிற போன் அவளுடையது இல்லை என்று சொன்னேன்.

"தெரியும்," என்றார்.

"எப்ப இருந்து?"

"முதல் நாளே. உறையை மாத்தினால் என்ட போன் எனக்குத் தெரியாமல் போகுமே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்துகொண்டு ஏன் இந்தக் கூத்து, பறித்து எடுக்க வேண்டியதுதானே, சொந்தத் தங்கையோடு கதைக்காமல் யாருக்காக நோன்பு பிடிக்கிறீர் என்று கத்தினேன்.

"நம்பாமல் கேள்வி கேக்கமாட்டன் எண்டு அவளிட்டச் சொன்னனான். அவள் ஏமாத்திறாள் எண்டு நான் என்ட சொல்லை மாத்தினால், மறுகா அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் அக்கா?"

அது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகச் சொல்லத் தெரியாது. பிள்ளை மேலே அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பூனை பார்த்துக்கொண்டிருந்தாள், கணக்கு 02-இல் கிடந்தது, தாய் குசினி மேசையில் மகளின் கணக்குப் புத்தகத்தைத் தானே விரித்து வைத்து விளங்காமல் விளங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே ஏழு கிழமை போனது. நாலு கிழமையில் நானாக இருந்தால் கதவை உடைத்திருப்பேன்.

ஏழாவது கிழமை, ஒரு ஞாயிறு, தங்கையின் மூத்த மகளுக்கு மட்டக்களப்பில் நிச்சயதார்த்தம். எங்கள் நேரம் பின்னேரம் நாலு மணிக்கு மோதிரம் மாற்றுகிறார்கள், வீடியோவில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. நான் அவருடைய போனை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இண்டைக்கு ஒருநாள் எடுங்கோ, ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம் என்றேன். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார். கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

அடுத்த நாள் மூன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. மகள் வழக்கம்போலத் தாயின் போனை இழுப்பறைக்குள் போட்டாள். ஆனால் போகவில்லை. ஜக்கெற்றுக்குள்ளிருந்து இன்னொரு போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அன்ரி, இவ்வளவு நாளும் தந்தது அம்மாட பழசு. இதுதான் என்ட," என்றாள். அவள் என்னோடு தமிழில் ஒரு முழு வசனம் பேசி வருடக்கணக்காகிவிட்டது.

தெரியும் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். முதல் நாளே தெரியும் என்றேன். கதிரையை இழுத்து இருந்துவிட்டாள். பிறகு கொஞ்சம் தமிழும் கொஞ்சம் டெனிஷுமாகச் சொன்னாள். நேற்று சித்தியின் மகள் மோதிரம் மாற்றும்போது தன்னுடைய போனுக்குத்தான் அழைப்பு வந்ததாம். சத்தத்தை நிறுத்திவிட்டு அறைக்குள் இருந்து முழுவதையும் பார்த்தாளாம். அங்கே எல்லோரும் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எழும்பும்போது மேசையில் கிடந்த கடை விளம்பரத் தாளின் ஓரத்தைக் கிழித்து அதில் நாலு எண்களை எழுதினாள். போன் திறக்கிற இலக்கம். அம்மா பார்க்க விரும்பினால் எப்போதும் பார்க்கட்டும், அதில் ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னாள். தானே கொடுக்க வெட்கமாம்.

அதற்குப் பிறகு கணக்கில் 02 நாலானது, நாலு ஏழானது. இந்த நாட்டில் நாலுக்கு அடுத்த எண் ஏழுதான், அதனால் ஏறுவதும் கடினம். ஒன்பதாம் வகுப்புச் சோதனை முடிந்து சிம்னாசியத்துக்கும் போனாள். அந்தக் கோடையிலேயே தகப்பனுக்குக் கோப்பன்ஹேகனில் வேலை கிடைத்து அவர்கள் வீடு மாறிப் போனார்கள். மேல்வீட்டில் இப்போது யாரோ ஒரு சோடி இருக்கிறது. இழுப்பறைக்குள் நான் கரண்டிகளை அடுக்கிவிட்டேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மகள் வந்து போனதற்கு மறுநாள் காலை. ஆறு மணிக்கு முன்னம், குளிரில், காரின் கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டிவிட்டு உள்ளே ஏறினோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். மோதிரம் மாற்றியதை மகள் பார்த்த கதையையும் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் கோட்டுப் பைக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து, விரித்து, எண்களை வாசிக்க வாயைத் திறந்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"சொல்லாதேங்கோ அக்கா. கேட்டால் எனக்கு மறக்காது."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். அந்த நாலு எண்ணும் மகளைத் தவிர இன்றைக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.